கடைசிப் பின்

மதியம் 2.40. மருத்துவமனையில் மருந்துகளைக் குளிரில் வைக்கும் அறையை ஒரு நர்ஸ் திறந்தார். மேல்தட்டு காலி. லட்சக்கணக்கில் விலைபோகும் மூன்று குப்பி மருந்தையும் காணவில்லை. கதவைத் திறந்தால் அவர் மேசையில் அடிக்க வேண்டிய மணியும் அடிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்கு நாலு மணிக்கு அந்த ஊசி போட்டாக வேண்டும். அடுத்த சரக்கு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2.55. வாசல்களை அடைக்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்த மணியை இயக்கும் கணினி இருந்த அறைக்கு வந்தார். பேச்சில் சிக்கனம், பார்வையில் தாராளம். மணிக்கான கம்பி அறுபடவில்லை என்று ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள் புரோகிராமர். "ஆனா போர்டுல கம்பி செருகுற முள்ளு வரிசையில எந்தப் பின்ல எது செருகியிருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தானாத் தெரியாது. போர்டுக்குள்ளயே ஒரு அட்டவணை எழுதி வச்சிருப்போம். கதவு இந்தப் பின், விசிறி இந்தப் பின்னுன்னு. ஆன் ஆகும்போது அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கும். யாரோ கதவோட நம்பரை மாத்திட்டாங்க."

"எப்போ?"

"11.52. மூணு நிமிஷம் கழிச்சு மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்காங்க."

"யாரோட பாஸ்வேர்டு?"

"என்னோடது."

"அப்போ எங்க இருந்தீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். தனியா."

"வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?"

"ஒயரிங் பார்க்கிற மாஸ்டருக்கு. நான் செய்யறதைப் பார்த்துப் பழகினவர்."

கூடவே வந்திருந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் என்ன மேடம் விசாரணை? இவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"என்னை அப்புறம் பிடிங்க சார். முதல்ல மருந்தைத் தேடுங்க." புரோகிராமர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

3.20. எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் என்று பெயரெடுத்த மாஸ்டர் வந்தார். கருவிப் பையையும் அகன்ற வாய் பிளாஸ்கையும் நாற்காலிக்கடியில் வைத்தார். மூலையில் இருந்த கேனுக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"11.52க்கு?"

"ரெண்டாவது மாடியில, ஏணி மேல."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஏணி பார்த்துச்சு."

"அட்டவணையைப் பத்தி இவங்க சொல்லிக் குடுத்ததுண்டா?"

"நாலு வருஷமா அந்தப் போர்டுல கம்பி செருகுறேன் மேடம். கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்கு ஒண்ணுமில்ல."

இன்ஸ்பெக்டர் அதே வகைப் போர்டு ஒன்றை மேசையில் வைத்தார். வரிசையாக எட்டுப் பின். பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 1 முதல் 8 வரை. "நம்ம மெஷின்ல இதுல எது காலி?"

மாஸ்டர் கடைசிப் பின்னைத் தொட்டார். "எட்டு."

"நீங்க சொல்லுங்க."

புரோகிராமரும் அதே பின்னைத் தொட்டாள். "ஏழு."

கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். "எட்டுன்னு அச்சடிச்சே இருக்கேம்மா."

"கம்ப்யூட்டர் சைபர்லேருந்து எண்ணும் சார். இங்க ஒண்ணுன்னு போட்டிருக்கிறது அதுக்கு சைபர். இந்தக் கடைசிப் பின்னை அட்டவணையில ஏழுன்னுதான் எழுதணும்."

3.38. இன்ஸ்பெக்டர் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினார். 11.55க்கு இயந்திரம் எழுதி வைத்த வரி அதில் இருந்தது: கதவு, 8ஆம் பின் இல்லை.

"கதவைக் காலிப் பின்னுக்குத் திருப்பிவிட்டா மணி அடிக்காது. இவங்க செஞ்சிருந்தா ஏழுன்னு எழுதியிருப்பாங்க, மெஷினும் வாயைத் திறந்திருக்காது. எட்டுன்னு எழுதினதால இல்லாத பின்னைத் தேடிட்டுப் புகார் எழுதிடுச்சு. இது போர்டைப் பார்த்து எண்ணுறவர் வேலை."

"அவங்களே வேணும்னே தப்பா எழுதியிருக்கலாமே," என்றார் மாஸ்டர்.

"இருக்கலாம். அதனால இன்னொண்ணு கேக்கறேன். காலடியில பிளாஸ்க் இருக்க, கேன் தண்ணியை ஏன் குடிச்சீங்க?"

மாஸ்டர் பிளாஸ்கைக் காலால் உள்ளே தள்ளினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வந்து அதை எடுத்துத் திறந்தார். பனிக்கட்டிக்கு நடுவே மூன்று குப்பிகளும் பத்திரமாக இருந்தன.

கதவருகே காத்திருந்த நர்ஸ் பிளாஸ்கோடு மாடிக்கு ஓடினார்.

"பாஸ்வேர்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பக்கத்து நாற்காலிதானே. விரல் போற இடத்தைப் பார்த்தேன்."

4.02. மேலே இருந்து போன் வந்தது, ஊசி போட்டாயிற்று என்று. அதுவரை நின்றுகொண்டே இருந்த புரோகிராமர் அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

விலங்கோடு வாசல்வரை போன மாஸ்டர் திரும்பினார். "சைபர்ல ஆரம்பிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா பக்கத்துலதானே இருந்தீங்க மாஸ்டர். ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."