மாட்டுப்பண்ணைக்கு விழுந்த சீல்

காலை ஏழு மணிக்கு வாய்க்காலில் மீன்கள் செத்து மிதந்தன. மாட்டுப்பண்ணையின் கழிவுநீர் வாய்க்காலில் சேரும் இடத்தில் ஒரு சாணக் குவியல் கரைந்துகொண்டிருந்தது. மாசுத் தடுப்பு அதிகாரி வந்தார், பார்த்தார். அரை மணி நேரத்தில் பண்ணையின் தண்ணீர் மோட்டார் அறைக்குச் சீல் விழுந்தது.

பதினோரு மணிக்குப் பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது, மாடுகள் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"வாயில்லா ஜீவனுங்கம்மா," என்றார் பண்ணைக்காரம்மா. "என்னை ஜெயில்ல போடுங்க. மொதல்ல அதுங்களுக்குத் தண்ணி விடச் சொல்லுங்க."

"சாணி உங்களோடதா?"

"என் நிலத்துக்கே பத்தலம்மா. வாய்க்கால்ல எதுக்குக் கொட்டப்போறேன்?"

"மாட்டினா எல்லாரும் பாடுற பாட்டுதான் மேடம்," என்றார் அதிகாரி. மீன்களில் மொய்த்த ஈக்களில் ஒன்று அவர் மூக்கில் உட்கார்ந்தது. அறைந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து குவியலைக் குச்சியால் கிளறினார். எழுந்து எதிர்க்கரைக்கு நடந்தார்.

எதிர்க்கரையில், வயலாக இருந்த இடத்தில், புதிய அடுக்குமாடிகள். குடியிருப்பின் மேனேஜர் குளிர்ந்த ஜூஸோடு வந்தார். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மெஷின் அருமையாக ஓடுவதாகச் சொன்னார். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. புல்தரையில் பாதிக்குத்தான் எரு போட்டிருந்தது.

"மாட்டு எருவா?"

"ஆமா மேடம். நல்லா மக்கினது. ஒரு ஈ வந்தாலும் குடியிருக்கிறவங்க போன் பண்ணிடுவாங்க."

"அதான் விஷயம்," என்று அவரை வாய்க்காலுக்கு அழைத்துவந்தார் இன்ஸ்பெக்டர். "மீன்ல ஈ, கொட்டகையில ஈ, சாரோட மூக்குலகூட ஈ. இந்தக் குவியல்ல மட்டும் ஒண்ணுகூட இல்ல. பச்சைச் சாணியை ஈ விட்டுவைக்குமா? இது மக்கின சாணி, உங்க புல்தரை எரு. சாணின்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சுட்டீங்க. உங்க கழிவைத் திறந்துவிட்டீங்க, மீன் செத்துச்சு. பழியைக் கொண்டுவந்து இங்க கொட்டிட்டீங்க."

மேனேஜருக்கு வியர்த்தது. "மெஷின் ரிப்பேர் மேடம். நானூறு குடும்பம். நான் எங்கதான் விடுறது?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "நோட்டீஸ் கொடுக்கறேன். பதினஞ்சு நாள்ல பதில் சொல்லட்டும்."

"அந்தம்மாவுக்கு அரை மணி நேரம்தானே கொடுத்தீங்க?"

"அங்க குடும்பங்க இருக்கே மேடம்..."

"இங்க?"

மாடுகள்தான் கத்தின. இன்ஸ்பெக்டர் அசையாமல் நின்றார். கடைசியில் அதிகாரியே போய்ச் சீலைக் கிழித்தார்.

"நோட்டீஸ் அவர் பாடு," என்றார் இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம். "பொய்த் தடயம் வெச்சதுக்கு என்கிட்ட பதினஞ்சு நாளெல்லாம் கிடையாது. ஜீப்ல ஏறுங்க."

மோட்டார் ஓடத் தொடங்கியது. மாடுகளின் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. அப்போதுதான், எதிர்க்கரைக் கழிவுக் குழாய் வாய்க்காலுக்குள் ஒழுகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.