மூடிக் கிடந்த பக்கம்

நாரின் என்னும் மலையூர் ஆஸ்பத்திரிக்கு ஊல்கன் என்பவள் வந்து சேர்ந்தபோது கணவாயில் பனி இறங்கிவிட்டது. ஒரே மகனுக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. போனை எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. வயிற்றைக் கிழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள். மற்ற வார்டுகளுக்குச் சொந்தபந்தம் ஆட்டுச் சூப்போடு படையெடுத்தது. இவள் கட்டிலை ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

நர்ஸ் கனிஷாய் தண்ணீர் பாட்டிலில் ஒரு குழாயைச் செருகிக் கொடுத்தாள்.

"ஊதுங்கக்கா. வலிக்குதுன்னு மேலோட்டமா மூச்சு விட்டா நுரையீரலோட அடிப்பக்கம் மூடிக்கும், சளி கட்டிக்கும். பக்கத்துக் கட்டில் பாத்மா சொன்ன பேச்சு கேக்காமத்தான் போய்ச் சேந்தா."

"நான் ஊதி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. அதுல பாதிக் காத்தைப் பாட்டில்ல விடுங்க!"

தையல் சுண்டி இழுத்தது. அவள் ஊதவில்லை. டாக்டர் எர்மெக் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வலது பக்கம் கீழ காத்தே போகல. இப்படியே விட்டா பொழைக்க மாட்டீங்க."

சாயங்காலம் ஜன்னல் இருட்டியது. கரிப்புகை வாசனை வந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்த பக்கத்துக் கட்டிலிலிருந்து, பாட்டில் தண்ணீரில் யாரோ ஊதுவது போல ஒரு சத்தம்.

குளுக்... குளுக்...

"அக்கா." கிசுகிசுப்பான பெண் குரல். "ரொம்பக் குளிருது. மூச்சு விட எனக்கு இடமில்ல. உங்ககிட்ட இருக்கா?"

ஊல்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் வாசலில் நின்று கேட்பவரை அவள் ஊரில் யாரும் விரட்டியதில்லை. அவள் வீட்டு வாசலுக்கோ ஆள் வந்து வெகுகாலம் ஆயிற்று. பயத்தைவிடத் தனிமை பெரிதாக இருந்தது.

"வாம்மா," என்றாள். "உள்ள வா."

சில்லென்ற காற்று அவள் வாய்க்குள் நுழைந்தது. வலது விலாவுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

காலையில் டாக்டர் முகம் மலர்ந்தார். "அட, கீழ வரைக்கும் காத்து போகுதே! எங்க, மூச்சை அடக்குங்க."

அடக்கினாள்.

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. சற்று நகர்த்தி வைத்தார். மறுபடி கேட்டார்.

"அக்கா... மூச்சை அடக்கச் சொன்னேன்."

உதட்டை இறுக மூடியபடி ஊல்கன் தலையாட்டினாள்.

வலது விலாவின் மேல் மட்டும் போர்வை ஏறி இறங்கியது.

அந்த இடத்தை அவள் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"சத்தம் போடாதீங்க டாக்டர்," என்றாள். "இப்பத்தான் தூங்குறா."