பென்னர் வீட்டுக் கார்

கனடாவின் வினிப்பெக் நகரம், ஜனவரி. காலை 7.50. பென்னர் வீட்டு வாசலில் கார் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

சார்ஜென்ட் லெஸ்யாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. இந்த வாரத்தில் இது நாலாவது கார் திருட்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் கோட்டை மாட்டினாள். பக்கத்து ஆணியில் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்த மின்கம்பியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலுறையை நனைத்தது. இது வேறு!

"திருடன் இதோ நிக்கிறான், பிடிச்சுட்டுப் போங்க!" என்று கத்தினார் பென்னர். வயது எழுபத்து நாலு. அவர் விரல் நீண்டது ஃபிரிட்ஜை நோக்கி. ரோமெல் ஓரடி தள்ளி நின்றான். கோபத்தில் குறி தப்புவது சகஜம்தான். நேற்று அந்தக் காருக்கு அலாரமும், வீட்டுக்குள்ளிருந்தே எஞ்சினைக் கிளப்பும் ரிமோட்டும் பொருத்தியவன் அவன்; பென்னர்தான் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"புகார் எழுதிட்டா என் கடை போச்சு சார்ஜென்ட்," என்றான் ரோமெல். "அப்புறம் எவன் என்கிட்ட சாவியக் குடுப்பான்?"

"எத்தனை மணிக்குக் கிளப்புனீங்க ஐயா?" என்று பென்னரைக் கேட்டாள் லெஸ்யா.

"ஏழு பத்து. பட்டன அமுக்கிட்டுக் குளிக்கப் போனேன். ஏழரைக்கு வந்தா சத்தமே இல்ல. காரும் இல்ல."

"சாவி இல்லாம ஓட்டிட்டுப் போக முடியுமா?"

"பிரேக்க மிதிச்சதும் எஞ்சின் நின்னுடும்," என்றான் ரோமெல். "சாவி வேணும்."

"நேத்து பூரா இவன்கிட்டதானே இருந்துச்சு! நகல் எடுத்திருப்பான். என் சாவி, டீனா சாவி ரெண்டும் வீட்டுலயே இருக்கு."

அடுப்பருகே அவர் மனைவி டீனா காபி ஊற்றினாள். பாதி கோப்பையில் விழுந்தது, பாதி தட்டில்.

"ராத்திரி எஞ்சின் உறைஞ்சு போகாம சூடேத்தக் கரண்ட் கம்பி மாட்டுனீங்களா?"

"இந்தக் குளிருல மாட்டாம இருப்பாங்களா? கேக்குறீங்க பாருங்க கேள்வி!"

"கழட்டினது யாரு?"

"கிளம்பும்போதுதான் கழட்டுவேன். நான் தொடவேயில்ல."

மணி 8.10. லெஸ்யா ஈரக் காலுறையைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள்.

"திருடன் அவசரத்துல கம்பியப் பிச்சுக்கிட்டுப் போவான். இல்ல, பனியில வீசிட்டுப் போவான். சுருட்டிக் கொண்டாந்து உங்க சமையலறை ஆணியில மாட்டிட்டா போவான்? இன்னும் தண்ணி சொட்டுது பாருங்க. டீனாம்மா, காரு எங்க?"

டீனா கோப்பையைக் கீழே வைத்தாள். "சர்ச்சுக்குப் பின்னாடி நிக்குது. விட்டுட்டு நடந்து வந்தேன். கம்பிய... நாப்பது வருஷப் பழக்கம், கை தானா சுருட்டிடுச்சு."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று பாய்ந்தார் பென்னர்.

"ஆமா, பைத்தியந்தான்! ஓட்டக் கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லி மூணு மாசம். கேட்டீங்களா? கார்க் கண்ணாடியில பனி எங்க இருக்குன்னு தெரியாம, அது தானா உருகட்டும்னு ரிமோட் வச்சீங்க. போன வாரம் ரோட்டக் கடந்த பொம்பளையக் குப்பைத்தொட்டின்னு சொன்னீங்களே! நான் கத்தாம இருந்திருந்தா?" ரோமெல் பக்கம் திரும்பினாள். "நீ இதுல மாட்டுவேன்னு நினைக்கலப்பா. மன்னிச்சுடு."

"நல்லா இருக்கும்மா உங்க வேலை!" என்று பெருமூச்சு விட்டான் ரோமெல்.

லெஸ்யாவுக்குப் பொறுமை தீர்ந்தது. ஒரு தாளை மேசையில் வைத்தாள். "புகார் வாபஸ்னு எழுதியிருக்கேன். அடியில கோடு இருக்கு, கையெழுத்துப் போடுங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார் பென்னர்.

அழுத்தித் திருத்தமாகக் கையெழுத்துப் போட்டார். தாளுக்கு வெளியே, மேசைவிரிப்பின் மேல்.

டீனா அவர் கையைப் பிடித்து மெல்லத் தாளுக்கு நகர்த்தினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.