தண்ணீருக்குள் ஓர் ஆள்

லிந்தாய் பாசிமணிப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். மணிகளில் ஓர் ஆள் உருவம் வரும்படி அவள் தானே கோத்த முதல் பட்டை. இன்று அறுவடை விருந்தில் முதல் தடவையாக ஆடவும் போகிறாள். நடையில் ஒரு மிடுக்கு இருக்காதா பின்னே?

கிம்புன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் அந்த நீள்வீட்டிலேயே வாய் அதிகமான பையன் அவன்.

"அய்யய்யோ! உன் பட்டையில இருக்குற ஆளு வௌவால் மாதிரி தொங்குறானே!"

லிந்தாய் குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஆள் நேராகத்தான் தெரிந்தான். வம்பே அதுதான். மடியில் வைத்துத் தன் பக்கம் பார்த்துக் கோத்திருந்தாள். எதிரே நிற்பவர்களுக்கு அவன் தலைகீழ். பட்டையைத் திருப்பிப் போட்டால், இடுப்பில் ஆட வேண்டிய குஞ்சம் காதருகே ஆடியது.

பிரித்துக் கோக்க நேரமில்லை. வெளியே சேகண்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். லிந்தாய் அறைக்குள் ஓடி மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஆட வரல, போ!"

அக்கா ரூமாய் பட்டையை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. தங்கையின் கண்ணீரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"ஏய், இந்த ஆளோட கதை உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். எதிரி துரத்துவான். இவன் ஆத்தோர மரத்துல ஏறிக்குவான்."

"அப்புறம்?"

"அந்த மக்கு எதிரி தண்ணியில தெரியுற நிழலைப் பாத்து, ஆளுன்னு நெனைச்சு ஈட்டிய எறிவான்."

"தண்ணியில நிழல் எப்படிடி தெரியும்?"

"தலை..." லிந்தாய் துள்ளி எழுந்தாள். "தலைகீழா!"

"என் பட்டையில இருக்குறவன் மரத்து மேல. உன்னோடவன் தண்ணிக்குள்ள. நாம பக்கத்துல பக்கத்துல நின்னாத்தான் கதை."

ஆனால் ஆட்ட வரிசையில் சின்னவர்களுக்குக் கடைசி இடம்தான். ரூமாய்க்கோ இந்த வருடம்தான் முதலிடம் கிடைத்திருந்தது. அவள் ஒரு கணம் வரிசையின் முன்பக்கத்தைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. பிறகு கடைசிக்கு நடந்தாள்.

"அக்கா, உன் இடம்?"

"அடுத்த வருஷமும் நெல்லு விளையும். வாடி!"

சேகண்டி ஒலித்தது. கறுப்புத் துணி உடுத்திய பெண்கள் மெல்ல மெல்ல நகர்ந்து ஆடினார்கள். கடைசியில் வந்த இருவரையும் பார்த்து ஓர் அத்தை கைதட்டினாள்.

"அடடே, மரத்துல ஒருத்தன், தண்ணியில ஒருத்தன்! முழுக் கதையும் வருது பாருங்க!"

எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கிம்புன் ஓடிவந்தான்.

"இப்படிக் கோக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

லிந்தாய் மூக்கை நிமிர்த்திக்கொண்டாள்.

"யாரும் இல்ல. நானேதான் வேணும்னே தலைகீழாக் கோத்தேன்!"