லைன்ல இருக்கீங்களா?

"மிஸ்... லைன்ல இருக்கீங்களா?"

கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரோடு நின்ற கிருஷ்ணகுமாரிக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் மழைக்கு ஒதுங்கி நிற்கும் கடையில் இப்படியா கேட்பான் ஒருவன்?

"ஆமா, லயத்துலதான் இருக்கேன். அதுக்கு இப்ப என்னாங்க?"

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கும் 'லைன்' என்றுதான் பேர்; கடையே சிரித்தது. மேசைக்குப் பின்னாலிருந்து போன் போட்டுக் கொடுக்கும் மெல்வின் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயோ... டெலிபோன் லைன் இருக்கா, கட்டாயிருச்சான்னு கேட்டேங்க," என்றான் மெதுவாக. அந்தக் கண்களில் கேலி இல்லை... ஏதோ ஒரு கலக்கம். போதாதா? தோட்டம் போய்ச் சேரும்வரை அவளுக்கு அந்தக் கண்கள்தான் வழித்துணை.

பெல்மதுளைச் சந்தியில், காசு கொடுத்துப் போன் பேசும் தாஸிம் நானாவின் கொமினிகேஷன் கடை அது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து அடைமழை. மலையில் வழுக்கி இடுப்பொடிந்த அப்பா மூக்கையா, தங்கச்சியின் பொறுப்பில் படுக்கையோடு கிடந்தார். குவைத்துக்கு இரண்டு வருஷ வீட்டு வேலைக்குப் போகக் குமாரி ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தாள். விசா வந்ததா என்று ஞாயிறுதோறும் கொழும்புக்குப் பேச வருவாள். விசா வரக்கூடாது, வரவே கூடாது என்று மனசு வேறு வேண்டிக்கொள்ளும். எல்லாம் அந்தக் கண்கள் செய்த வேலை!

"இன்னைக்கு லைன் கெடைக்குமாங்க?"

"பிஸியா இருக்கு. கொஞ்சம் லைன்ல நில்லுங்க."

"ஏங்க, இந்த வெள்ளக்காரனுக்கு வேற சொல்லே கெடைக்கலயா? கம்பியும் லைன், கியூவும் லைன், எங்கள அடைச்சு வச்ச காம்பராவும் லைன்!"

"ரம்புக்கனையில ரயில் ஓடுறதும் லைன்லதாங்க. பொண்ணுங்க பின்னால சுத்துறதுக்கும்..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓஹோ! அந்த லைன்ல ஐயாவுக்கு எத்தன வருஷ சர்வீஸ்?"

அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண் பட்டதோ என்னவோ. அடுத்த ஞாயிறு வாசலில் குடையை மடக்கும்போது உள்ளே தாஸிம் நானாவின் குரல் கேட்டது. "என்ன மெல்வின், லயத்துப் புள்ளைக்கு லைன் போடுறியா?"

"சே! நான் எங்க, அவங்க எங்க நானா? நான் டவுன்ல பொறந்தவன்."

குமாரி மடக்கிய குடையை விரிக்கக்கூட மறந்து, நனைந்துகொண்டே திரும்பிப் போனாள். அடப்பாவி... நீயுமா?

சந்தியில் வேறு போன் இருந்திருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டாள். ஆனால் தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்தது, உடனே பேசு என்று. வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கூண்டுக்குள் போனாள்.

"விசா வந்திருச்சு. வியாழக்கிழமை ஃபிளைட். வர்றியா, இல்லையா?" என்றான் ஏஜென்சிக்காரன்.

கூண்டுக் கதவு திறந்தது. மெல்வின்!

"ஒரு நிமிஷங்க... அன்னைக்கு நீங்க நனைஞ்சுக்கிட்டே திரும்பிப் போனதப் பாத்தேன். நான் டவுன் இல்ல. ருவான்வெல்ல ரப்பர் தோட்டம். லயத்துலதான் பொறந்தேன். எங்கம்மா இன்னும் அங்கதான் பால் வெட்டுறாங்க." கடை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. "தெரிஞ்சா மதிக்கமாட்டாங்கன்னு பெத்தவளயே மறைச்சிட்டேன். ஒங்க மேல இருக்கிற ஆசைய மறைக்க முடியலங்க."

தாஸிம் நானா தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தார்.

இதைப் போன மாசமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா! ரிசீவர் கத்தியது: "ஏய், வர்றியா இல்லையா?" புரண்டு படுக்கக்கூட முடியாத அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. எந்த மகளால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

"வர்றேங்க," என்று வைத்துவிட்டாள்.

வெளியே மழை விடுகிற பாடாக இல்லை.

"ரெண்டு வருஷந்தானே..." என்றான் அவன், குரல் உடைந்து. "போயிட்டு வாங்க. ஞாயித்துக்கெழமையில நான் ஒங்க லயத்துக்குப் போயி அப்பாவப் பாத்துக்கிறேன்."

"நீ யாருன்னு கேப்பாரே... என்னா சொல்லுவீங்க?"

"தெரியலங்க. என்னா சொல்லட்டும்?"

அதுவரை அடக்கிவைத்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"ஒங்க மக கட்டிக்க ஆசப்படுற ஆளுன்னு சொல்லுங்க."