புரோசெர்பினாவை மூடிய தாள்

காலையில் புளூட்டோவின் கண்கள் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது ஜன்னலைப் பார்த்தன.

ஒர்ஸோலா தூரிகையைக் கீழே வைத்தாள். பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது அவளுக்கு இருபது வருடத் தொழில். வெயில் நகர்ந்தால் வார்னிஷ் கண்ணை ஏமாற்றும் என்று தெரியும். இத்தாலியில் மாந்துவா ஊருக்கு வெளியே இருந்த அந்த மாளிகையில், ஒரு சுவரையே அடைத்து நின்றது படம். பாதாள ராஜா புளூட்டோ, அலறும் புரோசெர்பினாவை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு போகிறான். அவள்மேல் வர்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் வர்ணம் உதிராமலிருக்க, அவளை மட்டும் மெல்லிய தாளும் முயல்தோல் பசையும் வைத்துத் தலை முதல் கால் வரை மூடியிருந்தாள்.

காவல்காரர் எர்மெதே சாவியோடு வந்தார்.

“சாப்பிடப் போறேன், பூட்டிடறேன் சிஞ்ஞோரா. இன்ஷூரன்ஸ்காரன் போட்ட சட்டம், என்னைத் திட்டாதீங்க.”

“இவ்வளவு பெரிய படத்த மடியில கட்டிக்கிட்டா ஓடப்போறேன்?”

“உங்கள நம்பறேன். இவனத்தான் நம்பறதில்ல.” புளூட்டோவைக் காட்டிச் சிரித்தார். “நாலு மணிக்கு வரேன். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன்.”

அவருடைய காலடி படிகளில் இறங்கித் தேய்ந்து, எங்கோ கீழே ஒரு கதவு சாத்தப்பட்டதும், வெளியே சில்வண்டுகளின் இரைச்சலும் அறைக்குள் பசையின் ஈரத்தோல் நாற்றமும் மட்டும் மிஞ்சின. ஒர்ஸோலா நிமிர்ந்தாள். அவன் கண்கள் கதவில் இருந்தன.

முந்நூறு வருடமாக அவன் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை நாம்தான் மறைத்துவிட்டோம். அவன் தேடுகிறான்.

கதவைத் தட்டினாள். கை வலிக்கும்வரை தட்டினாள். யாரும் வரவில்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி.

திரும்பியபோது அவன் கண்கள் ஒர்ஸோலாவின் மேல் இருந்தன.

தாளை எடுத்துவிட்டால் போதும். ஆனால் பசை இன்னும் ஈரம். இப்போது உரித்தால் வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். படம் போகும். அதோடு அவள் பிழைப்பும் போகும். அது தெரிந்தே கால் பக்கமிருந்து உரித்தாள். ஒரு தாள். இன்னொன்று. கடைசியாக முகம்.

வர்ணம் எல்லாமே தாளோடு வந்துவிட்டது. அவன் கைகளுக்கு நடுவே, ஒரு பெண்ணின் அளவுக்கு, வெறும் படத்துணி.

கையிலிருந்த தாளைத் திருப்பினாள். புரோசெர்பினாவின் முகம். அலறவில்லை. வாய் மூடியிருந்தது. நிம்மதியாகத் தூங்குகிற முகம்.

நிமிர்ந்தாள்.

அவன் கைகள் வளைந்திருக்கவில்லை. நீண்டிருந்தன. படச்சட்டத்தைத் தாண்டி.