வியாழக்கிழமைக் கட்டம்

வியாழக்கிழமை, காலை 8.50.

கொடைக்கானல் காய்கறி மண்டி வாசலில் எட்டு மூட்டை கேரட் கிடந்தது. மூட்டைகளுக்குப் பக்கத்தில் வலது கால் செருப்பு ஒன்று. மூட்டைக்கும் செருப்புக்கும் சொந்தக்காரரைக் காணவில்லை.

“பேரு பொன்னுவேல்ம்மா. ஊரு கிளாவரை. வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும்” என்றார் ஏட்டு தங்கமுத்து. “எட்டரைக்கு ஜீப்பை விட்டு எறங்கியிருக்காரு. நாலஞ்சு பேரு சுத்தி நின்னுக்கிட்டு, ‘ஏலே, பூண்டுக் கள்ளன் வந்துட்டான்டா’ன்னு ஒரே சத்தம். ஒருத்தன் சட்டையப் புடிச்சிருக்கான். மத்தவங்க வீடியோ எடுத்திருக்காங்க. ஆளு எப்படியோ பிச்சுக்கிட்டு ஓடிட்டாரு.”

“ஓடுறப்ப எதுவும் சொன்னாரா?” என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் ஜோதிமணி.

“ஜீப்புக்காரன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காரு. ‘பெரியகுளத்துக்கு வெரசா எப்படிப் போறது?’ன்னு. மகளை அங்கதான் கட்டிக்குடுத்திருக்காராம். சம்பந்தி வீட்டுல இதைப் பார்க்கிறதுக்குள்ள போய்ச் சேரணும்னு அழுதிருக்காரு.”

‘இது’ தங்கமுத்துவின் போனில் இருந்தது. மேல்மலைப் பூண்டு உழவர் சங்கத்தின் முகநூல் பக்கம். காலை 6.30க்கு வந்த பதிவு.

“வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். எங்கள் மலைப்பூண்டில் சமவெளிப் பூண்டைக் கலந்தவர் கிடங்குத் தொழிலாளி பொன்னுவேல். அவர் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.”

கீழே படம். வெள்ளைச் சட்டை போட்டு, மூட்டைகளுக்கு முன்னால் நின்று, பல் தெரியச் சிரிக்கும் ஒரு மனிதர். மூவாயிரத்து நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். ‘சிரிப்பைப் பாரு, கொஞ்சமாவது வெக்கம் இருக்கா’ என்று ஒருவர் எழுத, அதற்கு நானூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

ஜோதிமணி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

காலை 9.15.

ஸ்டேஷன் பெஞ்சில் ஏழரை மணியிலிருந்தே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஃபெமினா. சங்கத்தின் பக்கத்தைக் கவனிப்பது அவள் வேலை. லீவில் கொடைக்கானல் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள்.

“நான் போடலை மேடம். சத்தியமா.”

“போடலைன்னா எடுத்துவிட வேண்டியதுதானே?”

“முடியாது மேடம். பக்கத்தைத் திறக்கிறதுக்கு ஒரே ஒரு போன்தான். அது கிளாவரை ஆபீஸ் பீரோவுல இருக்கு. நேத்து சாயங்காலம் நாலு மணியிலருந்து அங்க டவர் இல்ல. செக்ரட்டரி அண்ணனுக்கு இருபது தடவை அடிச்சுட்டேன். போகலை.”

“டவர் இல்லாத ஊர்லருந்து இன்னைக்குக் காலையில எப்படிப் பதிவு வந்துச்சு?”

“முன்கூட்டியே ஏத்தி வச்சிருவோம் மேடம். அங்க சிக்னலை நம்பவே முடியாது. அதனால திங்கக்கிழமையே ஒரு வாரத்துக்கு உள்ளதை நேரம் குறிச்சு வச்சிருவோம். அந்தந்த நேரத்துக்கு அதுவா வந்துரும். இன்னைக்கு வரவேண்டியது பூண்டு ஊறுகாய் செய்முறை. யாரோ அதை எடுத்துட்டு இதை வச்சிருக்காங்க.”

“பீரோ சாவி?”

“என்கிட்ட ஒண்ணு இருக்கும். லீவுல போனா ஆபீஸ் சுவத்துல அட்டவணைக்குப் பின்னாடி ஆணியில மாட்டிட்டுப் போவேன். சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்.”

ஜோதிமணி ஜீப்பில் ஏறினார். “வாம்மா. போற வழியில பேசலாம்.”

மன்னவனூர் ஏற்றத்தில் ஜீப் திணறியபோது அவர் படத்தை ஃபெமினாவிடம் நீட்டினார். சிரிக்கும் பொன்னுவேலின் தோளுக்கு மேலே, சுவரில், கட்டம் போட்ட பெரிய தாள் தெரிந்தது.

“இதுதானா அட்டவணை?”

“ஆமா மேடம். மாசத்துக்கு ஒண்ணு. நான் எழுதினா பென்சில். மேனேஜர் உபகாரம் சார் திருத்தினா நீல மை. செக்ரட்டரி ஒத்துக்கிட்டா சிவப்புக் கையெழுத்து. பக்கத்துல வந்ததைக் கண்ணால பார்த்தப்புறம் பச்சைப் பொட்டு ஒட்டுவோம். கோயம்புத்தூர்லருந்து ஒரு கம்பெனி வந்து இருபத்திரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதிக் குடுத்துச்சு. அதுல உள்ளபடிதான் எல்லாம்.”

“இந்த வாரத்துல எத்தனை பொட்டு தெரியுது?”

ஃபெமினா எண்ணினாள். “திங்கள், செவ்வாய், புதன். மூணு.”

“நீ எப்பக் கிளம்பின?”

“செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ல.”

ஜோதிமணி குறிப்பேட்டில் எதையோ எழுதி மூடிவைத்தார்.

மதியம் 12.30. கிளாவரை.

உலகத்துக்கே தெரிந்த சேதி அந்த ஊருக்கு மட்டும் தெரியவில்லை. பொன்னுவேலின் மனைவி வடிவு களத்தில் பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போலீசைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

தங்கமுத்து பதிவைப் படித்துக் காட்டினார். அவள் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தாள்.

“சிரிச்ச முகமாத்தான இருக்காக. இது நேத்து புடிச்ச போட்டோ தாயி. சங்கத்துல சிறந்த உழைப்பாளின்னு போடப்போறாகளாம். வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வரச் சொன்னாகன்னு ஓடியாந்து மாத்திக்கிட்டுப் போனாக.”

“யாரு வரச் சொன்னதுன்னு சொன்னாரா?”

“சங்கத்துலன்னாக. என்னமோ சீட்டுல கையெழுத்துக்கூடப் போட்டுட்டு வந்தேன்னாக. ‘இன்னைக்குக் கையெழுத்து நல்லா வந்திருச்சு வடிவு’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக.”

“வழக்கமா வியாழக்கிழமைதான் கொடைக்கானலுக்குப் போவாரா?”

“வெள்ளிக்கெழமைதான். நாளைக்குச் சங்கத்துல கூட்டம் கெடக்குன்னு இன்னைக்கே வெள்ளனே போய்ட்டாக.” அவள் படத்தைத் தொட்டுக் காட்டினாள். “அந்த மனுசனுக்குக் கள்ளத்தனம் பண்ணத் தெரியாது தாயி. ஒரு போன்கூட வச்சுக்கத் தெரியாது.”

ஆளைக் காணவில்லை என்று அவளிடம் புகார் எழுதி வாங்கிக்கொண்டு ஜோதிமணி சங்க ஆபீசுக்கு நடந்தார்.

மதியம் 1.10.

ஆபீசில் இரண்டு பேர் இருந்தார்கள். செயலாளர் ராஜமுருகன் பதிவைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே போனார். அடுத்த நிமிடம் எழுந்து கத்தினார்.

“இந்தப் புள்ள சோலிதான் மேடம் இது! போனும் கையுமா இருக்கிறது அவதான். லீவுக்குப் போறதுக்கு முன்னாடி ஏத்தி வச்சுட்டுப் போயிட்டா.”

“அண்ணே, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க” என்றாள் ஃபெமினா. “நீங்க ஒரு நாளாவது படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?”

“நீங்க படிக்கிறதே இல்லையா?” என்றார் ஜோதிமணி.

“திங்கக்கிழமை ஏழு கட்டத்துலயும் மொத்தமாப் போட்டுருவேன் மேடம். எனக்குப் பூண்டு பார்க்கவே நேரமில்ல. பொட்டு, சீட்டு, நீல மை, சிவப்பு மை... அதெல்லாம் சார் பாடு.”

சார் என்பவர் ஆபீஸ் மேனேஜர் உபகாரம். மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பதற்கு முன்பே ஒரு தாளை நீட்டினார். புதன்கிழமை யார் எப்போது ஆபீசுக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று நேரத்தோடு எழுதியிருந்தார். பதிவேட்டைக் கொடுத்தபோது, பெற்றுக்கொண்டதற்கு ஜோதிமணியிடம் கையெழுத்து வாங்கினார்.

“கலப்படம்னு புகார் வந்தது எப்ப?”

“செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மேடம். திருப்பூர் வாடிக்கையாளர் ஒருத்தர் வீடியோ போட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்துல விசாரிக்கிறதா இருந்தது.”

“புகார் வந்தா என்ன செய்யணும்னு திட்டத்துல இருக்குமே?”

உபகாரம் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துச் சரியான பக்கத்தைத் திறந்து வைத்தார். பக்கம் 17. ‘புகார் வந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காரணம், பொறுப்பாளி, எடுத்த நடவடிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் தெரிவிக்க வேண்டும்.’

ஜோதிமணி அடுத்த கோப்பைத் தானே எடுத்தார். மேலே, ‘படம் வெளியிட ஒப்புதல் சீட்டுகள்’ என்று உபகாரத்தின் கையெழுத்து. புரட்டினார். கடைசிச் சீட்டில் நின்றார்.

“ஃபெமினா இல்ல” என்றார் ஜோதிமணி. “படத்துல புதன்கிழமைப் பொட்டு இருக்கு. புதன் பதிவு வந்தப்புறம் புடிச்ச படம். டவர் போனது சாயங்காலம் நாலு மணிக்கு. அதுக்குள்ள படத்தைப் புடிச்சு ஏத்தியும் ஆச்சு. அப்ப இந்தப் பொண்ணு கொடைக்கானல்ல இருந்துச்சு.”

“அப்போ நானா?” என்றார் ராஜமுருகன்.

“நீங்களா இருந்தா சீட்டு இருந்திருக்காது.”

கோப்பைத் திருப்பி மேஜையில் வைத்தார். சீட்டு எண் 118. புதன்கிழமைத் தேதி. ‘என் படத்தைச் சங்கத்தின் பக்கத்தில் வெளியிட எனக்குச் சம்மதம்.’ அடியில், தனித்தனி எழுத்தாக, பொறுமையாக எழுதிய கையெழுத்து: பொன்னுவேல்.

“ஒருத்தர் பேரைக் கெடுக்கப் போற படத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கி, நம்பர் போட்டு, கோப்புல சேர்த்து வைக்கிற ஆளு இந்தச் சங்கத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். பதிவு வந்த நேரம் ஆறரை. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிய அரை மணி பாக்கி. இல்லையா சார்?”

உபகாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மழையில மூணு மூட்டை அழுகிப்போச்சு மேடம். அனுப்புற தேதியப் பக்கத்துல முன்னாடியே போட்டாச்சு. தேதி தவறக் கூடாதுன்னு வெளியில வாங்கி நிரப்பினேன். வேற யாருக்கும் தெரியாது.” அவர் குரலில் கோபமோ பயமோ இல்லை. “வியாழக்கிழமைக்குள்ள ஒரு பேரு போட்டாகணும். கூட்டம் வெள்ளிக்கிழமைதான்.”

“உங்க பேரைப் போட்டிருக்கலாமே?”

உபகாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“பொன்னுவேல் பேரு ஏன்?”

“அவர்கிட்ட போன் இல்ல. ஊர்ல டவரும் இல்ல. அவருக்குத் தெரியவே தெரியாது, ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துருவாங்கன்னு... வெள்ளிக்கிழமைதானே அவர் கீழ போறவரு.”

ராஜமுருகன் கை ஓங்கிக்கொண்டு வந்தார். தங்கமுத்து இடையில் நின்றார்.

“நான் இப்ப உங்ககூட வரணுமா மேடம்?” என்றார் உபகாரம்.

“அவதூறுக்கு நானாப் புடிச்சு உள்ள வைக்க முடியாது சார். அவர்தான் கோர்ட்டுக்குப் போகணும். ஆனா வாக்குமூலம் எழுதிக் குடுங்க.”

உபகாரம் எழுதினார். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, கீழே தேதி போட்டு.

பீரோவைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு ஃபெமினா வாசலுக்கு ஓடினாள். “மேடம், மன்னவனூர் திருப்பத்துல சிக்னல் இருக்கும். வாங்க!”

“ஒரு நிமிஷம்மா” என்றார் ராஜமுருகன், தயங்கிக்கொண்டே. “பதிவை எடுக்கணும்னா மூணு பேரு கையெழுத்து வேணும்னு திட்டத்துல இருக்கு.”

யாரும் எதுவும் சொல்வதற்குள் உபகாரம் பதிவேட்டில் ‘நீக்கம்’ என்ற பக்கத்தைத் திறந்து முதல் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

பிற்பகல் 3.10. மன்னவனூர் திருப்பம்.

போனுக்கு உயிர் வந்தது. பகிர்ந்தவர்கள் ஒன்பதாயிரத்து இருநூறு பேர். ஃபெமினா பதிவை நீக்கினாள். இரண்டு நிமிடத்தில் வேறு யாரோ அதன் நகலைப் போட்டு, ‘பயந்துபோய் எடுத்துட்டாங்க’ என்று எழுதினார்கள். ஃபெமினா உண்மையை எழுதினாள்: ‘பொன்னுவேல் குற்றமற்றவர். தவறு எங்களுடையது.’ போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள்.

“படம் இருந்தாத்தான் மேடம் நாலு பேரு நின்னு பார்ப்பாங்க.”

அப்போது தங்கமுத்துவின் போன் அடித்தது. பொன்னுவேல் பெரியகுளம் போகும் வழியில், அடுக்கம் கிராமத்தில் இருந்தார்.

மாலை 6.05. அடுக்கம்.

டீக்கடை பெஞ்சில், இடது காலில் மட்டும் செருப்போடு, அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. கிளாவரையிலிருந்து ஜீப்பில் கூடவே வந்திருந்த வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க” என்றார் ஜோதிமணி. பெயரைச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

பொன்னுவேல் தலையாட்டினார். “சார் நல்லவருதாங்க. சட்டைக் காலரு மடங்கிக் கெடந்துச்சு. அவருதான் சரிபண்ணி விட்டாரு.”

“இன்னும் முக்கால் மணி நேரம்தான் பெரியகுளம். ஜீப்புலயே கொண்டுபோய் விடுறோம். உங்க சம்பந்திகிட்ட நானே பேசுறேன்.”

“மகளுக்கு இந்தக் கடை போன்ல பேசினேங்க. காலையிலயே பார்த்துட்டாகளாம்.” அவர் ரோட்டைப் பார்த்தார். மலையிறங்கும் பக்கம். “‘இப்ப வராதீகப்பா’ன்னு சொல்லிருச்சு.”

ஃபெமினா அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையில் ஆபீஸ் போன். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். எண் 119.

“ஐயா, உண்மைய எழுதிப் போட்டிருக்கோம். கூட உங்க படமும் இருந்தா நெறையப் பேரு பார்ப்பாங்க. ஒரே ஒரு படம். இதுல ஒரு கையெழுத்து மட்டும்...”

பொன்னுவேல் சீட்டை வாங்கினார். எழுத்தெழுத்தாகப் படித்தார். எல்லாம் அதே வார்த்தைகள். பேனாவையும் வாங்கிக்கொண்டார்.

“இதுல போட்டா அது போயிருமாம்மா?”

ஃபெமினா ஜோதிமணியைப் பார்த்தாள். ஜோதிமணி தங்கமுத்துவைப் பார்த்தார். காலையிலிருந்து எல்லாக் கேள்விக்கும் ஒரு விடை கண்டுபிடித்திருந்தார்கள்.

பொன்னுவேல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை மூடிச் சீட்டின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஃபெமினா போனைக் கீழே இறக்கினாள். அவர் சிரிக்கவில்லை.